ஒன்பதாம் வளைவின் ஸ்டியரிங்

ஓஷ் நகரத்திலிருந்து பாமிர் மலைக்கு ஏறும் நெடுஞ்சாலையில், கணவாய்க்குச் சற்றுக் கீழே ஒன்பதாம் வளைவில் ஓர் இரும்புக் கம்பம் நின்றது. அதன் தலையில் லாரி ஸ்டியரிங் ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். அடியில் சிமெண்டுத் திட்டு. திட்டில் பதித்த தகட்டில், ‘தாஷ்தெமிர், ஓட்டுநர். பணியில் உயிர் நீத்தார். 1981’ என்று எழுதியிருந்தது. மேலே போகிற லாரிக்காரர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து ஒருமுறை ஹாரன் அடிப்பார்கள். தாஷ்தெமிரோடு பழகியவர்கள் இறங்கி, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துத் திட்டின் மேல் வைத்துவிட்டு, அவருக்காக வேண்டி இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு மறுபடி வண்டியேறுவார்கள்.

பனி உருகிச் சாலை கண்ணுக்குத் தெரிந்ததும், வருடம் தவறாமல் ஒரு வாளிச் சுண்ணாம்போடு வந்து அந்தத் திட்டுக்கு வெள்ளையடிப்பவள் புர்மாகான். வளைவுக்குக் கீழே இருந்த சாலைப் பராமரிப்பு வீட்டில் அவள் வாழ்ந்தாள். புருஷன் சத்திபால்டி சாலைக்கூலிகளின் மேஸ்திரி. வண்டிகளை நிறுத்தும் தடுப்புக்கட்டையை ஏற்றி இறக்குவது புர்மாகானின் வேலை. கட்டை இறங்கியிருக்கும் நேரத்தில் டிரைவர்கள் அவள் வீட்டில்தான் தேநீர் குடிப்பார்கள்.

“அக்கா, செத்தவர் உங்களுக்கு என்ன முறை?” என்று புதிதாக வந்த டிரைவர்கள் கேட்பதுண்டு.

“ஒரு முறையும் இல்ல. ரோட்டோரம் கிடக்கு, அடிக்கிறேன்.”

“யாரோ எவரோன்னு விடாம இத்தனை வருசமா செய்றீங்களே. இந்த மனசு யாருக்கு வரும்?”

“தேத்தண்ணி ஆறுது, குடி” என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவளை யார் வைதாலும் பொறுத்துக்கொள்வாள். யாரும் புகழ்வதைத்தான் அவளால் பொறுக்க முடியாது. சுபாவம் அப்படி என்று சத்திபால்டி சொல்வான். சுபாவம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

தாஷ்தெமிர் இறந்த அந்த வருடம் வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். புர்மாகானின் ஓரகத்தி, பர்ச்சின். சத்திபால்டியின் தம்பி ஒமுர் கல்யாணமான நான்காம் மாதமே பட்டாளத்துக்குப் போய்விட்டான். பத்தொன்பது வயதுப் பெண்ணை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். பர்ச்சினுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போகிற லாரிக்குக் கையாட்டப் போய்விடுவாள். பால் பொங்கி அடுப்பை அணைக்கும். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு கூலிகளை அதட்டுவதை அவன் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவாள். கூலிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் போட்ட தேநீர் மட்டும் எப்படியோ நன்றாக அமைந்துவிடும். “இன்னிக்குத் தேத்தண்ணி பர்ச்சின் போட்டதா?” என்று சத்திபால்டி ஒருநாள் கேட்டுத் தொலைத்தான். பத்து வருடமாக அவனுக்குத் தேநீர் ஊற்றியவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆனால் பெண் தாய்வீடு பார்க்கப் போக வேண்டும். அது அவளுக்குள்ள பாத்தியதை. போகும்போது புகுந்த வீட்டார் ஒரு ஆடும் இனிப்பும் கொடுத்தனுப்ப வேண்டும். தாய் வாசலில் காத்திருப்பாள். பர்ச்சினின் தாய் உல்போல்சுன் கணவாய்க்கு அப்பால் இருந்தாள். வசந்தத்தில் பர்ச்சின் கேட்டபோது, ‘கம்பளி வெட்டு முடியட்டும்’ என்றாள் புர்மாகான். கோடையில் கேட்டபோது, ‘வைக்கோல் ஏறட்டும்’ என்றாள். பிறகு சாணி உருட்டிக் காயவைக்கும் வேலை வந்தது. அக்டோபரும் வந்துவிட்டது.

“அக்கா, அடுத்த வாரம் கணவாயை மூடிடுவாங்களாம். மூடிட்டா ஏப்ரல் வரைக்கும் எங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியாது.”

“நீ போயிட்டா சாணிய யாரு அடுக்குவா? உங்கம்மா வந்து அடுக்குவாளா?”

“கூப்பிட்டா வந்து அடுக்குவாங்க. நீங்க அவங்களப் பாத்ததில்லல்ல, அதான். ஒரே நாள்ல இந்த மலையையே அடுக்கிடுவாங்க.”

அதற்கு மறுநாள் காலை பர்ச்சின் ரொட்டிக்கு மாவு பிசைந்து துணி போட்டு மூடிவைத்தாள். பிசைந்துகொண்டே வாசலில் கண்ணை வைத்திருந்ததில் பால் பொங்கியது. புர்மாகானுக்குப் பொறுமை போய்விட்டது.

“போடி. இன்னைக்கே போ. உன் மூஞ்சியில முழிச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

பர்ச்சினுக்கு அதில் ‘போ’ என்ற சொல் மட்டும்தான் கேட்டது. மாவு ஒட்டிய கையோடு புர்மாகானைக் கட்டிக்கொண்டாள். “நிசமாவா அக்கா? இன்னைக்கேவா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் துணி மூட்டை கட்ட ஓடினாள். திட்டியதை அவள் திட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது புர்மாகானுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அனுப்பிவிட்டால் ஒரு மாதம் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தாள்.

மதியம் தாஷ்தெமிரின் லாரி வந்து நின்றது. ‘ஜில்’ என்ற ரஷ்ய லாரி, மேலே மாவு மூட்டைகள். தாஷ்தெமிர் அதிகம் பேசாதவர், கையில் எப்போதும் கிரீஸ் மணக்கும், நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல பனி கொட்டுது, அக்கா. ராத்திரி இங்கயே தங்கிட்டு, காலையில சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கிட்டுப் போலாமான்னு பாக்குறேன்.”

“காலையில கணவாயையே மூடிட்டாங்கன்னா? இந்தப் பனி உனக்கென்ன புதுசா தம்பி? இதைவிடப் பெரிய பனியில எல்லாம் சீட்டியடிச்சுக்கிட்டுப் போனவன் நீ.” புர்மாகான் அவருக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். “எங்க வீட்டுப் பொண்ண அந்தப் பக்கம் அவங்கம்மாகிட்ட விட்டுடு.”

“ஆள் ஏத்தினா டெப்போவுல என் தோலை உரிச்சிடுவாங்க. தெரிஞ்சுதானே கேக்குறீங்க.”

“அமானத்தா ஒப்படைக்கிறேன்.”

அந்த ஊரில் அமானத் என்று ஒன்றைக் கையில் ஒப்படைத்துவிட்டால், வாங்கியவன் உயிரைக் கொடுத்தாவது அதைக் கொண்டுசேர்க்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை. தாஷ்தெமிர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். தன் ஆட்டுத்தோல் கோட்டை எடுத்து முன்சீட்டில் விரித்தார். பர்ச்சின் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

“அக்கா, மாவு புளிச்சிடப் போகுது. மறக்காம சுட்டுடுங்க.”

“சரி, சரி. கண்ணாடிய ஏத்து, குளிரும்.”

புர்மாகான் கட்டையைத் தூக்கினாள். மாவை அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுட்டு எடுத்து, சூடு ஆறாமல் துணியில் சுற்றி வைத்தபோது, கூலி ஒருவன் மேலேயிருந்து ஓடிவந்தான்.

சங்கிலி மாட்டாத பின்சக்கரம் பனிக்கட்டியில் வழுக்கி, லாரி பின்னால் சரிந்து ஒன்பதாம் வளைவைத் தாண்டி விழுந்திருந்தது. மூட்டைகள் பிரிந்து கிடந்தன. எது மாவு எது பனி என்று தெரியவில்லை. கதவைப் பெயர்த்து இருவரையும் வெளியே எடுத்தபோது இருவருக்கும் உயிர் இல்லை. தாஷ்தெமிரின் ஒரு கை பர்ச்சினின் மார்புக்குக் குறுக்கே நீண்டிருந்தது என்று எடுத்தவர்கள் சொன்னார்கள்.

சத்திபால்டி தன் நான்கு கூலிகளையும் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தான்.

“டெப்போக்காரங்க வருவாங்க. பொம்பளைய ஏத்தியிருந்தார்னு தெரிஞ்சா விதிய மீறிட்டான்னு எழுதிடுவாங்க. சைராவுக்கு ஒத்தக் காசு பென்சன் வராது. நாலும் சின்னப் புள்ளைங்க.” சைரா தாஷ்தெமிரின் மனைவி. “பர்ச்சின் நம்ம வீட்டுப் பொண்ணு. செத்தவளுக்கு இனிமே என்ன குறை வந்துடப் போகுது? ஊர்ல கேட்டா, மேல போய் வண்டி பிடிச்சுக்கிறேன்னு சொல்லிட்டு நடந்து போனா, ஏழாம் வளைவுல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிடுவோம். என்ன சொல்றீங்க?”

யாரும் மறுக்கவில்லை. ஒருவன் ரொட்டியைக் கேட்டான். அந்தப் பக்கத்தில் ரொட்டி மேல் செய்யும் சத்தியத்துக்கு மேல் சத்தியம் கிடையாது. சொல் தவறினால் இந்த ரொட்டி எங்களை அடிக்கட்டும் என்று சொல்லி ஆறு பேரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது. பர்ச்சின் பிசைந்து வைத்த மாவு அது. புர்மாகான் தன் பங்கை வாயில் போட்டாள். தேநீர் ஊற்றி விழுங்கினாள்.

டெப்போவிலிருந்து வந்தவர்கள் கட்டைக்காரியைத்தான் முதலில் கேட்டார்கள்.

“வண்டியில வேற யாராச்சும் இருந்தாங்களா?”

“இல்ல. தனியாத்தான் போனார்.”

பென்சன் வந்தது. அவள் சொன்ன அந்தப் பொய்யை எந்தக் கடவுளும் மன்னித்திருப்பார்.

மன்னிக்க முடியாதது அதற்கு அடுத்து நடந்தது. மூன்றாம் நாள் உல்போல்சுன் கணவாயைத் தாண்டி வந்து சேர்ந்தாள். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் உட்கார்ந்து மகளைப் பாடி அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு புர்மாகான் பக்கம் திரும்பினாள்.

“சம்பந்தி, அந்தப் பனியில என் புள்ளைய நடக்கவிட்டது யாரு?”

சொல்லிட்டுத்தான் போனாள், நாங்கதான் அனுப்பினோம் என்று சொல்ல வேண்டும். ஆண்கள் பேசிவைத்தது அவ்வளவுதான். சொல்லியிருந்தால் புர்மாகான் தலையில் பழி விழுந்திருக்கும். அறை முழுக்கப் பெண்கள் அவள் வாயைப் பார்த்தார்கள்.

“சொல்லாமக் கிளம்பிட்டா, சம்பந்தியம்மா. பால் பொங்கிப்போச்சுன்னு நான் ஒரு வார்த்தை கோவமா சொல்லிட்டேன். மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டு, லாரி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, நான் பாக்காத நேரமாப் பாத்துப் போயிட்டா.”

யாரும் அவளை அதைச் சொல்லச் சொல்லவில்லை. எவர் பென்சனும் அதில் இல்லை. அடுத்தவர் பிள்ளைகளுக்காகச் சொன்ன பொய்யிலிருந்து ஒரு பிடி கிள்ளித் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒமுரும் அதைத்தான் நம்பினான்: பெண்டாட்டி கோபித்துக்கொண்டு ஓடினாள், ஓடிய வழியில் செத்தாள். ஒருதரம்கூட அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டே போய்விட்டான்.

உல்போல்சுன் அப்படி விடுகிறவள் இல்லை. அவள் கணக்குப் போட்டாள். மகள் மதியத்துக்குச் சற்று முன்பு நடந்தே போயிருக்கிறாள். லாரி மதியம் போயிருக்கிறது. சாலையோ ஒன்றுதான். அப்படியென்றால் அந்த டிரைவர் அவளைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். பனியில் நடந்து போகும் பெண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் போயிருக்கிறான். ஏழாம் வளைவில் அவள் விழுந்தாள், இரண்டு வளைவு தள்ளி ஆண்டவன் அவனுக்குக் கூலி கொடுத்துவிட்டான்.

கணக்கில் தப்பே இல்லை. புர்மாகான் கொடுத்த எண்கள்தான் எல்லாம்.

அடுத்த வசந்தத்தில் டெப்போ டிரைவர்கள் நொறுங்கிய லாரியிலிருந்து ஸ்டியரிங்கைக் கழற்றி எடுத்து அந்தக் கம்பத்தை நட்டார்கள். சைரா பிள்ளைகளோடு வந்திருந்தாள். தள்ளியே நின்றாள். கம்பத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவேயில்லை. புருஷன் செத்த இடத்துக்கு ஒருமுறைகூட வராதவள் என்று ஓஷில் பெண்கள் பேசினார்கள். ‘பென்சன் வருதுல்ல, புருஷன் எதுக்கு?’ என்றும் பேசினார்கள்.

தவறாமல் வந்தவள் உல்போல்சுன். இலையுதிர் காலத்தில் மகளின் சமாதிக்குப் போகும் வழியில் ஒன்பதாம் வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குவாள். ஒரு கல்லைப் பொறுக்கித் தகட்டைக் குறிபார்த்து எறிவாள். கையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறிக்கொள்வாள். லாரிக்காரர்களுக்கு அவளைக் கண்டால் பயம். அவள் எறிந்து பெயர்த்த சிமெண்டைத்தான் புர்மாகான் வசந்தத்தில் பூசி வெள்ளையடித்தாள்.

சோவியத் நாடு உடைந்து பழைய இரும்புக்கு விலை ஏறிய வருடங்களில் ஸ்டியரிங்கை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். தகடு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. சத்திபால்டி வீட்டுக்குப் பின்னால் ஓடாமல் கிடந்த சாலைவேலை லாரியின் ஸ்டியரிங்கைக் கழற்றிக்கொண்டுபோய்ப் பற்றவைத்தான். பெயரைப் பெயிண்டில் எழுதினான். எழுதி முடித்து, தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றான்.

“கீழ இடம் இருக்கு, புர்மா. அவ பேரையும் எழுதிடட்டுமா?”

“எழுதிட்டு? படிக்கிறவன் என்னன்னு நினைப்பான்? ஒருத்தன் வண்டியில ஒரு சின்னப் பொண்ணு ஏன் போனான்னு கேக்க மாட்டானா?”

“அது சரிதான்” என்று சொல்லித் தூரிகையைக் கழுவினான். அவள் சொன்னது சரியான காரணம்தான். ஆனால் அது அவள் காரணம் அல்ல. அடுத்த குளிர்காலத்தில் சத்திபால்டி நுரையீரல் வீங்கி இறந்தான். சத்தியம் செய்த கூலிகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். தெரிந்தவள் புர்மாகான் ஒருத்திதான் மிஞ்சினாள்.

தாஷ்தெமிரின் மூத்த மகன் கெனெஷ் வளர்ந்து சொந்தமாக ஆறு லாரி வைத்தான். சீனர்கள் வந்து நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது பழைய கம்பத்தைப் பெயர்க்க வேண்டியிருந்தது. கெனெஷ் கருங்கல்லில் தகப்பன் முகத்தைச் செதுக்கி எடுத்துவந்து, சாலையின் மறுபக்கம் நிறுத்தினான். ஆடு அறுத்து, தெரிந்த டிரைவர்களையெல்லாம் அழைத்து, ஓதி விருந்து வைத்தான். புர்மாகானைத் தேடி வீட்டுக்கே வந்தான்.

“இத்தனை வருசம் எங்கப்பாவ நீங்கதான் பாத்துக்கிட்டீங்க. மேல வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும். அவரோட கடைசித் தேத்தண்ணி உங்க கையாலதான்னு எல்லாரும் சொல்வாங்க.”

“எனக்குப் பேச வராது, தம்பி.”

“பேச வேணாம். வந்து உக்காந்தாப் போதும். எங்கம்மாகூட வர்றாங்க. எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா?”

கல்லைச் சுற்றி முப்பது பேர் இருந்தார்கள். சைரா காரைவிட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்துவைத்து உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முல்லா ஓதி முடித்து எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. உல்போல்சுன் இறங்கினாள். எழுபதைத் தாண்டிய உடம்பு, கையில் கோல். கூட்டத்தைப் பார்த்தாள், பளபளப்பான புதுக் கல்லைப் பார்த்தாள். குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

கல் தாஷ்தெமிரின் கன்னத்தில் பட்டு ஒரு சில்லைப் பெயர்த்தது.

கெனெஷ் அவள் கையைப் பிடித்துவிட்டான். “பாட்டி, கிறுக்கா உனக்கு? யாருன்னு நினைச்சு எறியுற?”

“தெரிஞ்சுதான் எறியுறேன். உங்கப்பன்தானே? பனியில நடந்து போன என் மகளப் பாத்தும் நிறுத்தாமப் போன பாவி. நாயை ஏத்தியிருப்பான். என் புள்ளைய ஏத்தல. இவனுக்குக் கல்லு, மூஞ்சி, விருந்து.”

“எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல.”

“நீ அப்ப தொட்டில்ல கிடந்திருப்ப. உனக்கென்ன தெரியும்?”

வயதான டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழியில் நிற்கிறவரை ஏற்றாமல் போனான் என்பதைவிடப் பெரிய ஏச்சு அந்தச் சாலையில் கிடையாது. கெனெஷின் முகம் வெளுத்தது. அவன் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தான். யாராவது ஒருவர் இல்லை என்று சொல்ல மாட்டாரா என்று பார்த்தான். கடைசியில் அவன் கண் புர்மாகான் மேல் வந்து நின்றது.

அவள் எழுந்தாள்.

“அவர் தாண்டிப் போகல, சம்பந்தியம்மா.”

“உனக்கு எப்படித் தெரியும்? நீ கீழ இருந்த.”

“உங்க மக நடக்கவே இல்ல. அவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. நான்தான் ஏத்திவிட்டேன். அமானத்னு சொல்லி ஒப்படைச்சேன். அவரோட கோட்டை விரிச்சு உக்காரவெச்சார். ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் வெளிய எடுத்தாங்க.” ஒரே மூச்சில் சொன்னாள். பென்சனைச் சொன்னாள். ரொட்டியைச் சொன்னாள். “சொல்லாமப் போயிட்டான்னு உங்ககிட்ட சொன்னதும் பொய். சொல்லிட்டுத்தான் போனா. சந்தோசமாப் போனா. என் மேல பழி வந்துடக் கூடாதுன்னு அவமேல போட்டேன்.”

பின்னால் நின்றவன் ஒருவன் பக்கத்தவன் காதில், “அப்போ வண்டியில பொண்ணு இருந்திருக்கு” என்று சொல்லி லேசாகச் சிரித்தான். மூத்த டிரைவர் ஒருவர் திரும்பி அவன் பிடரியில் ஒன்று வைத்தார்.

உல்போல்சுன் கோலை ஊன்றி நின்றாள். அழவில்லை. “முப்பது வருசம்” என்றாள். “முப்பது வருசமா என்னக் கல்லெறியவிட்டு வேடிக்கை பாத்தியே.” பிறகு அவள் மெல்ல நடந்து போய், கல்லில் சில்லுப் பெயர்ந்த இடத்தைத் தன் தலைத்துணியின் நுனியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். “தம்பி, எம் பொண்ணக் கூட்டிக்கிட்டு வந்தியாடா” என்று அந்த முகத்தைப் பார்த்துக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சைரா இறங்கி வந்தாள். நேராக உல்போல்சுனிடம் போனாள்.

“உங்க பொண்ணு கால் சின்னதா?”

உல்போல்சுனுக்கு முதலில் புரியவில்லை. “சின்னதுதான். என் கால் மாதிரி. ஏன்?”

“டெப்போவுல அவர் சாமானையெல்லாம் ஒரு சாக்குல போட்டுக் கொடுத்தாங்க. அதுல ஒரு பொம்பளையோட ரப்பர் செருப்பு. ஒத்தச் செருப்பு. வண்டியில கிடந்துச்சாம், என்னுதுன்னு நினைச்சுப் போட்டுட்டாங்க.” சைரா கல்லில் இருந்த முகத்தைப் பார்த்தாள். “யாருகிட்ட கேப்பேன்? என்னன்னு கேப்பேன்? யாரோ ஒருத்திகூடத்தான் செத்தார்னு நினைச்சுக்கிட்டேன். புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை அவரப் பத்தி நல்லதாப் பேசினதில்ல நான்.”

கெனெஷ் தாயைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் கையை விலக்கிவிட்டு புர்மாகானிடம் வந்தாள். புர்மாகான் அடியை எதிர்பார்த்துக் கண்ணை மூடினாள். சைரா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

“பென்சன வாங்கிக் கொடுத்து நாலு புள்ளைங்களையும் வளத்தது நீதான். இன்னைக்கு அவரையும் திருப்பிக் கொடுத்துட்ட. உனக்கு ஆண்டவன் ஒரு குறையும் வெக்க மாட்டான், அக்கா.”

சுற்றிலும் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முல்லா தலையாட்டினார். கெனெஷ், கல்லின் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். இவ்வளவு வருடம் சுமந்தது இவ்வளவு சுலபமாக இறங்கிவிடும் என்று புர்மாகான் நினைத்ததே இல்லை. சைராவின் கழுத்தில் சோப்பு மணத்தது. அப்படியே நின்றுவிடலாம். இனி ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

“சைரா” என்றாள்.

“சொல்லுங்கக்கா.”

“அவர் அன்னைக்குப் போறதா இல்ல.”

சைரா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மேல பனி கொட்டுது, ராத்திரி தங்கிட்டுக் காலையில சங்கிலி மாட்டிக்கிட்டுப் போறேன்னார். நான்தான் விடல. அந்தப் பொண்ண அன்னைக்கே அனுப்பணும்னு எனக்கு. உனக்கென்ன பனி புதுசான்னு சொல்லி ஏத்திவிட்டேன். தங்கியிருந்தா ரெண்டு பேரும் இருந்திருப்பாங்க.”

சைராவின் கைகள் உடனே விலகவில்லை. முதலில் விரல்கள் தளர்ந்தன. பிறகு கைகள் கீழே இறங்கின. அவள் ஓரடி பின்னால் போய் புர்மாகானின் முகத்தைப் பார்த்தாள். அதற்கு முன் பார்க்காத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். திரும்பி நடந்து, கல்லருகே மண்டியிட்டிருந்த உல்போல்சுன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விருந்துக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். புர்மாகான் சாலையின் கீழ்ப்பக்கமாக வீட்டுக்கு இறங்கினாள். கெனெஷ் வண்டியில் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நடந்தே போகிறேன் என்றாள்.